கட்டடத்துக்கு வியர்க்காது!

போன மே மாதம், ஒரு மத்தியான நேரம். அண்ணா சாலையில் இருக்கும் நண்பரின் ஆபீஸுக்குப் போயிருந்தேன். வெளியே தார் ரோடு இளகி, செருப்பைப் பிடித்து இழுக்கிறது. உள்ளே நுழைந்தால், நண்பர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

'என்ன சார், காய்ச்சலா?' என்றேன்.

'காய்ச்சல் இல்லை சார். கிரீன் பில்டிங்!' என்றார்.

சுற்றிப் பார்த்தேன். நாலு மேஜை தள்ளி இரண்டு பெண்கள் துப்பட்டாவைத் தலையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு கீ போர்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் ஏ.சி. காற்று வரும் ஓட்டையில் அட்டைப்பெட்டியைக் கிழித்து டேப் போட்டு ஒட்டியிருந்தது. அதே ஹாலில் மேற்கு ஜன்னல் ஓரம் ஒருவர் காலருக்குள் கைக்குட்டை வைத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு சின்ன டிஜிட்டல் பெட்டி, 24 என்று காட்டியது. அதற்கு நேர் கீழே ஃபைல் அலமாரி மேல் ஆவி பறக்க ஒரு டம்ளர் டீ.

எனக்குத்தான் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று கையை நீட்டினேன். 'ஐயையோ, அதை எடுக்காதீங்க சார்!' என்று ஜன்னல் ஓரத்துக்காரர் பதறினார். 'அது குடிக்கிறதுக்கு இல்லை. தெர்மோஸ்டாட்டுக்கு!'

விஷயம் இதுதான். 24 டிகிரி என்று வைத்து பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டார்கள். யாரும் ஏற்ற முடியாது, இறக்கவும் முடியாது. ஆனால் அந்தப் பெட்டிக்குக் கீழே சூடாக டீயை வைத்தால், 'அடடா, ஹால் சூடாகிவிட்டதே' என்று அது ஏமாந்து இன்னும் குளிரை ஊதும். ஜன்னல் ஓரத்துக்காரர் பிழைத்தார். நடுவில் இருக்கிற பெண்களுக்கு விறைத்துப்போகிறது. அவர்கள் அட்டை ஒட்டுகிறார்கள். அடைபட்ட காற்று அடுத்த ஓட்டை வழியாக என் நண்பரின் பிடரியில் அடிக்கிறது. அவர் ஸ்வெட்டர் போடுகிறார். இதற்கு நடுவில் ஈ.பி. பில் ஏறிக்கொண்டே போகிறது.

வாசலில் பித்தளை போர்டு பளபளக்கிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் கட்டடமாம்!

*

அது புதுக் கட்டடம் இல்லை. பழைய நான்கு மாடிக் கட்டடம். அதைப் புதுப்பித்து, கரன்ட் குறைவாகச் செலவாகும்படி மாற்றியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ரெட்ரோஃபிட் என்று பெயர். மொட்டை மாடிக்கு வெள்ளை டைல்ஸ், கூரைக்கு இன்சுலேஷன், மேற்குக் கண்ணாடிக்கு ஃபிலிம், டியூப்லைட்டுக்குப் பதில் எல்.இ.டி., பழைய ஏ.சி.க்குப் பதில் நவீன ஏ.சி. எல்லாம் நல்ல காரியம். கட்டடத்தை இடித்துக் கட்டாமல் திருத்திப் பயன்படுத்துவதை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன்.

ஆனால், கூடவே இரண்டு வேலை செய்தார்கள். ஃபால்ஸ் சீலிங் போடுவதற்காக சீலிங் ஃபேன்களை எல்லாம் கழற்றினார்கள். குளிர் வெளியே போகக் கூடாது என்று ஜன்னல்களை ஸ்க்ரூ போட்டு மூடினார்கள்.

முதல் வருடம் பில் குறைந்தது. அடுத்த வருடம் ஏறியது. கட்டடத்தைப் பராமரிக்கும் மேனேஜரிடம் காரணம் கேட்டேன். தயங்காமல் சொன்னார்: 'நம்ம ஜனங்களுக்கு டிசிப்ளின் பத்தாது சார். மெஷின் எல்லாம் பக்கா. ஸ்டாஃப்தான் சரியில்லை. பிஹேவியர் ப்ராப்ளம்.'

இந்த 'பிஹேவியர் ப்ராப்ளம்' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

மேனேஜர் முழுப் பொய் சொல்லவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு வீட்டில் எவ்வளவு கரன்ட் செலவாகும் என்பதைச் சுவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. உள்ளே இருக்கும் மனிதனும் தீர்மானிக்கிறான். 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். குளிர் ஊர். அங்கே செலவு ஏ.சி.க்கு இல்லை, வீட்டைச் சூடாக்குவதற்கு. அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு வீடுகள். ஆனால், ஒரு வீட்டின் செலவுக்கும் இன்னொரு வீட்டின் செலவுக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். குடும்பம் காலி செய்துவிட்டுப் போய் வேறு குடும்பம் வந்தால், அந்த வீட்டின் செலவும் மாறியது!

2012-ல் வந்த இன்னொரு ஆய்வு ஜெர்மனியைப் பற்றியது. சுமார் 3,400 வீடுகளின் கணக்கைப் பார்த்தார்கள். 'இந்த வீட்டுக்கு இவ்வளவு செலவாகும்' என்று பொறியாளர்கள் காகிதத்தில் போட்ட அளவைவிட, மக்கள் சராசரியாக 30 சதவீதம் குறைவாகத்தான் செலவழித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டை வீட்டுக்காரன் ஏற்கெனவே சிக்கனமாகத்தான் இருந்தான். எல்லா அறையையும் சூடாக்கவில்லை, கம்பளியைப் போட்டுக்கொண்டு சமாளித்தான். அப்புறம் வீட்டைப் புதுப்பித்துவிட்டு, 'ஐயோ, எதிர்பார்த்த அளவு மிச்சமாகவில்லையே' என்றால் எப்படி ஆகும்? செலவே செய்யாத பணத்தை எங்கிருந்து மிச்சம் பிடிப்பது?

நான் படித்தது பி.காம். எனக்கு இதில் தெரிவது ஒரு கணக்குப் பிழை. ரெட்ரோஃபிட் செய்பவர்கள் கண்ணாடிக்கு, கூரைக்கு, மெஷினுக்கு எல்லாம் கணக்குப் போடுகிறார்கள். மனிதனை மட்டும் மேஜை, நாற்காலி மாதிரி தளவாடச் சாமான்கள் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். வைத்த இடத்தில் இருப்பான், வியர்க்காது, விறைக்காது என்று நினைப்பு. பிறகு அவன் அசைந்தால் 'பிஹேவியர் ப்ராப்ளம்'!

*

சரி, அவன் ஏன் அசைகிறான்?

டென்மார்க்கில் ஃபாங்கர் என்று ஒரு பொறியியல் அறிஞர் இருந்தார். மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, சூட்டை ஏற்றி இறக்கி, 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டுக் கேட்டு நடந்த சோதனைகளை வைத்து, 1970-ல் ஒரு புத்தகமே எழுதினார். உலகத்து ஏ.சி. கட்டடங்கள் பெரும்பாலும் அவருடைய சூத்திரத்தில்தான் இன்னமும் ஓடுகின்றன. அவர் சொன்னது என்ன? சுகமாக இருக்கிறதா என்பதை ஆறு விஷயங்கள் தீர்மானிக்கும். காற்றின் சூடு, சுவரிலும் கண்ணாடியிலும் கூரையிலும் இருந்து அடிக்கும் அனல், காற்றோட்டம், ஈரப்பதம், போட்டிருக்கும் உடுப்பு, செய்கிற வேலை.

ஆறு! சுவரில் இருக்கிற பெட்டி காட்டும் 24, இந்த ஆறில் ஒன்றே ஒன்று.

இப்போது நண்பரின் ஆபீஸுக்குத் திரும்புங்கள். மேற்குக் கண்ணாடி ஃபிலிம் ஒட்டியும் வெயிலைக் குடித்துத் தானே சூடாகி, பக்கத்தில் இருப்பவர் மேல் அனல் வீசுகிறது. அவருக்கு 24 போதாது. ஓட்டைக்கு நேர் கீழே இருக்கும் பெண்ணின் மேல் நாள் பூராவும் குளிர்காற்று விழுகிறது. அவருக்கு 24 அதிகம். இரண்டு பேரும் சொல்வது உண்மை. பொய் சொல்வது அந்தப் பெட்டிதான்.

ஃபாங்கரே இன்னொன்றும் சொன்னார். எல்லாவற்றையும் கச்சிதமாக வைத்தாலும், நூற்றுக்கு 5 பேராவது 'எனக்குச் சரியில்லை' என்றுதான் சொல்வார்கள் என்று அவர் சூத்திரத்திலேயே இருக்கிறது. நம் ஆள் என்னடாவென்றால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுகிறார்!

பெண்கள் சங்கதி தனி. உட்கார்ந்து வேலை செய்யும் ஓர் உடம்பு எவ்வளவு சூட்டை வெளிவிடும் என்று சூத்திரத்தில் ஓர் எண் உண்டு. அந்த எண் யாருடையது? 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுடையது. 2015-ல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் இருவர் இதைச் சுட்டிக்காட்டினார்கள். பெண்களின் உடற்சூட்டை அந்த எண் 35 சதவீதம் வரை கூட்டிச் சொல்லிவிடக்கூடும் என்றார்கள். ஆபீஸில் பெண்கள் ஷால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, 'லேடீஸுக்கு எப்பவுமே குளிரும்ப்பா' என்று ஜோக் அடிக்கிறோமே, அது அவர்கள் உடம்பின் குறை இல்லை. அளவெடுக்காமல் தைத்த சட்டையின் குறை.

நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. அகமதாபாத்தில் இருக்கும் செப்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஐந்து நகரங்களில், 16 அலுவலகக் கட்டடங்களில், 6,330 பதில்களைச் சேகரித்தார்கள். ஐந்தில் ஒன்று நம் சென்னை. ஜன்னலைத் திறந்துவைத்து ஃபேன் போட்டுக்கொள்ள முடிகிற கட்டடங்களில் இருந்தவர்கள், மேல்நாட்டுச் சூத்திரங்கள் சொன்னதைவிட அதிகச் சூட்டிலும் 'பரவாயில்லை, வசதியாகத்தான் இருக்கிறது' என்றார்கள். 2016-ல் வந்த தேசியக் கட்டட விதித் தொகுப்பிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள்.

என்ன அர்த்தம்? மனிதன் பிடிவாதக்காரன் இல்லை. அவன் கையில் ஒரு ஃபேன் ஸ்விட்ச், ஒரு ஜன்னல் கொக்கி இருந்தால், வெயிலோடு அவனே ஒரு சமாதானம் பேசிக்கொள்வான். அதைப் பிடுங்கிக்கொண்டால் அவன் சமாதானம் பேசமாட்டான். டீ டம்ளரை வைப்பான்!

*

அன்றைக்கு நான் ஆறரை மணி வரை அங்கேயே இருந்தேன். ஆறு மணிக்கு மெயின் ஏ.சி. தானாக நின்றுவிடும். அதுவும் மின்சிக்கனத் திட்டத்தில் ஒன்று. ஆறே காலுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆறரைக்குப் பெருக்கித் துடைக்கும் பெண்கள் வந்தார்கள்.

ஃபேன் இல்லை. ஜன்னல் திறக்காது. பகல் முழுக்க ஐம்பது பேரும் ஐம்பது கம்ப்யூட்டரும் மூச்சுவிட்ட ஹால். பத்து நிமிடத்தில் எனக்கே சட்டை ஒட்டிக்கொண்டது. குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முதுகு முழுக்க ஈரம். ஃபாங்கரின் ஆறாவது விஷயம் 'செய்கிற வேலை' என்றேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கட்டடத்தில் அதிகம் உடம்பை அசைத்து வேலை செய்பவர் அவர்தான். அவர் வரும்போதுதான் எல்லாம் ஆஃப்.

'கஷ்டமா இல்லையாம்மா?' என்றேன்.

'ஃபேன் இருந்த வரைக்கும் பரவாயில்லை சார். இப்ப ஜன்னலையும் மூடிட்டாங்க. யார்கிட்ட போய்ச் சொல்றது?'

இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆறு மணிக்கு ஏ.சி. நிற்பதால் மிச்சமாகும் யூனிட், வரவுப் பக்கத்தில் தெளிவாக ஏறுகிறது. அந்த அம்மாவின் வியர்வை எந்தப் பற்றுப் பக்கத்தில் ஏறுகிறது? அவர் செலவை ஏற்றுக்கொள்கிறார், கம்பெனி சேமிப்பை எழுதிக்கொள்கிறது. ஒருத்தர் தலையில் செலவைத் தள்ளிவிட்டு இன்னொருத்தர் 'மிச்சம்' என்று எழுதுவதற்கு எங்கள் காமர்ஸ் வாத்தியார் வேறு பெயர் சொல்லுவார்.

*

ஆபீஸை மட்டும் திட்டிவிட்டு நழுவ முடியாது. என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது மேல்மாடி ஃப்ளாட். மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் டைல்ஸ் போட்டோம். ராத்திரியில் கூரை அனல் இறங்குவது நன்றாகவே குறைந்தது. முதல் பில் சந்தோஷம் கொடுத்தது. அப்புறம் என்ன ஆயிற்று? முன்பு பத்து மணிக்குப் போட்ட ஏ.சி.யை 'இப்பதான் சீக்கிரம் கூலாகுதே' என்று எட்டு மணிக்கே போட ஆரம்பித்தோம். 'ஹாலுக்கும் கொஞ்சம் வரட்டும்' என்று பெட்ரூம் கதவைத் திறந்துவைத்தோம். நான்காவது பில் பழைய இடத்துக்கே வந்து நின்றது. என் மனைவி பில்லைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: 'டைல்ஸ் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. நாமதான் செய்யலை.'

இது புதிய வியாதி இல்லை. மெஷின் சிக்கனமானால் மனிதன் தாராளமாகிவிடுகிறான் என்பதை நிலக்கரியை வைத்து 1865-லேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிவிட்டார்.

18-ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வது நம் தேசியப் பழக்கம். 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று ஒரு நம்பிக்கை வேறு. சாதாரண ஏ.சி. எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். எங்கே நிற்கும் என்பதில்தான் வித்தியாசம். ஆனால், இதிலும் முழுப்பழி நம் மேல் இல்லை. சென்னையில் நம்மை வாட்டுவது பாதி சூடு, பாதி புழுக்கம். கூரையைச் சரி செய்து அறைச் சூட்டைக் குறைத்த பிறகும் பழைய பெரிய ஏ.சி.யே இருந்தால், அது ஐந்து நிமிடத்தில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. எண் 24 காட்டும், உடம்பு பிசுபிசுக்கும். நாம் ரிமோட்டை எடுத்து 20-க்கு இறக்குவோம். அறைக்குத் தகுந்த அளவு ஏ.சி., 26 அல்லது 27, மேலே ஒரு ஃபேன். என் வீட்டில் கடைசியில் பில்லை இறக்கியது இந்தக் கூட்டணிதான். ஃபேன் காற்று மேலே பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று முழு வேகத்தில் தின்னும் கரன்ட்டில் சாதாரண சீலிங் ஃபேன் இருபது சுற்றும். அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள் நம் புத்திசாலிகள்!

*

அரசாங்கமும் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறது. 24-க்கு மேல் வையுங்கள், எல்லோரும் கேட்டால் வருடத்துக்கு 2,000 கோடி யூனிட் மிச்சம் என்று 2018-ல் மத்திய மின்துறை சொன்னது. 2020 ஜனவரி முதல் அறை ஏ.சி.கள் ஆன் செய்தவுடன் 24-ல்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதி வந்தது. 20-க்குக் கீழே இறக்கவே முடியாதபடி செய்யப்போவதாக 2025 ஜூனில் அமைச்சர் அறிவித்தார். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அவர்கள் கணக்கு. நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால், ஜப்பான்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

2005-ல் 'கூல் பிஸ்' என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். கோடையில் ஆபீஸ் ஏ.சி. 28 டிகிரி. ஆனால் அதோடு விடவில்லை. 'கோட்டைக் கழற்றுங்கள், டையைக் கழற்றுங்கள்' என்று அரசாங்கமே சொன்னது. பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்து நின்றார். 28 அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் அங்கேயும் உண்டு. இருந்தாலும் எண்ணை ஏற்றும்போது மனிதனின் கழுத்தையும் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள். நாம்? சென்னை வெயிலில் எல்.கே.ஜி. குழந்தைக்கு டை கட்டி அனுப்புகிறோம். விற்பனைப் பிரதிநிதிக்கு ஷூவும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். பிறகு அவன் ஆபீஸுக்குள் வந்ததும் ஏ.சி.யைக் குறைக்கிறான் என்று புகார்!

'ஆளாளுக்கு ஸ்விட்சைக் கொடுத்தால் ஆபீஸ் சந்தைக்கடை ஆகிவிடும்' என்று மேனேஜர்கள் சொல்வார்கள். இப்போது மட்டும் என்னவாம்? அட்டை ஒட்டுவதும் டம்ளர் வைப்பதும் சந்தைக்கடை இல்லாமல் என்ன? கண்ணுக்குத் தெரியாத சந்தைக்கடை. 'ஜன்னலைத் திறந்தால் தூசி, இரைச்சல், கொசு' என்பார்கள். மே மாத மத்தியானத்தில் திறக்கச் சொல்லவில்லை. மார்கழி, தை காலையில் திறக்கலாமே? சாயங்காலம் ஏ.சி. நின்றதும் திறக்கலாமே? சுற்றிய காற்றையே சுற்றவிட்டுச் சுவாசிப்பது நல்லதல்ல, ஜன்னலைத் திறங்கள் என்று கொரோனா காலத்தில் டாக்டர்கள் தொண்டை கிழியக் கத்தினார்களே, அது அதற்குள் மறந்துவிட்டதா? கொசுவலை அடித்த ஜன்னல் ஒன்றும் உலக அதிசயம் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. கட்டடத்தைத் திருத்துவதற்கு முன்னால் அதில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மேஜையில் வெயில், எந்த மேஜையில் குளிர் என்று கன்சல்டன்டைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஃபேனைக் கழற்றாதீர்கள். நான்கு ஜன்னலாவது திறக்கும்படி விட்டுவையுங்கள். இரண்டு டிகிரியாவது ஏற்றி இறக்கும் உரிமையை ஒவ்வொரு பகுதிக்கும் கொடுங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் கழித்துத் திரும்பி வந்து, 'எப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள். கேட்கும்போது ஆறரை மணிக்கு வருபவர்களையும் சேர்த்துக் கேளுங்கள். அதன் பிறகும் கரன்ட் வீணானால் எங்களைத் தாராளமாகத் திட்டுங்கள். வாங்கிக்கொள்கிறோம்.

போன வாரம் நண்பர் போன் செய்தார். புது ஏற்பாடு ஒன்று வந்திருக்கிறதாம். ஃபேனா என்று கேட்டேன். இல்லையாம். தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே இருந்த ஃபைல் அலமாரியை எடுத்துவிட்டார்களாம், டம்ளர் வைக்க முடியாதபடி.

ஜன்னல் ஸ்க்ரூ அப்படியேதான் இருக்கிறது. அந்த அம்மா இன்றைக்கும் ஆறரைக்கு வருவார்.